மணி ஒலிப்பதற்கு முன்

தொலைபேசியில் எண்ணை அழுத்திச் செவியில் வைத்த கணத்திற்கும், மறுமுனையில் மணி ஒலிக்கத் தொடங்கும் கணத்திற்கும் இடையே ஒரு மௌனம் உண்டு. பட்டணத்தில் வாழ்பவர்கள் அதனைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவ வரையிலும், தலவாக்கலையிலிருந்து நுவரெலியா வரையிலும் பரந்து கிடக்கும் தோட்டத்து லயங்களிலோ அந்த மௌனம் நன்கு அறிமுகமான ஒன்று. பிழைப்பைத் தேடிக் கொழும்புக்கும், கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர்களின் குரல் அதனைத் தாண்டித்தான் வீடு வந்து சேரவேண்டியிருக்கிறது.

குவைத்தில் ஒரு வீட்டில் பணிபுரியும் தாய் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். மாலை ஆறு மணிக்கு அவளுக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது. அப்போது மஸ்கெலியாவில் இரவு எட்டரை. பிள்ளை இன்னும் உறங்கவில்லை. அவள் இணையத்தின் வழியாக வீட்டை அழைக்கிறாள். பத்து வினாடி செல்கிறது. பதினைந்து வினாடி செல்கிறது. ஓசை ஒன்றும் இல்லை. "லைன் போகவில்லை" என்று எண்ணித் துண்டித்துவிட்டு மீண்டும் அழைக்கிறாள். உண்மையில் முதல் அழைப்பு மலையேறி வந்துகொண்டுதான் இருந்தது. அவள் துண்டித்த அதே கணத்தில் லயத்திலிருந்த தொலைபேசி ஒருமுறை முனகி அடங்கிற்று. அதைக் கண்ட பிள்ளை இங்கிருந்து திருப்பி அழைக்கிறது. தாய் அங்கிருந்து அழைக்கிறாள். இரண்டு அழைப்புகளும் நடுவழியில் ஒன்றையொன்று மறித்துக்கொள்கின்றன. அரை மணியில் ஒரு பகுதி இவ்வாறே கழிந்து போகிறது.

இந்த மௌனத்தினுள் என்னதான் நடக்கிறது? அதனை அறிந்தால் குறைக்க வழியுண்டா? நாம் இங்கு ஆராயப்போவது இதைத்தான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிட வேண்டும். "தூரம் அதிகம், அதனால் தாமதம்" என்று பலரும் கூறுவர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. கடலடிக் கேபிள் வளைந்து நெளிந்து ஆறாயிரம் கிலோமீற்றர் சென்றாலும், குவைத்திலிருந்து இலங்கைக் கரையை எட்ட 0.03 வினாடி போதும். செய்தி ஐரோப்பாவையோ சிங்கப்பூரையோ சுற்றிக்கொண்டு வந்தாலும் அரை வினாடிக்குள் போய்த் திரும்பிவிடும். அங்ஙனமாயின் மீதிப் பதினான்கு வினாடி எங்கே போயிற்று?

அது ஓடுவதிற் கழியவில்லை, காத்திருப்பதிற் கழிந்தது. வராத ஒரு பதிலுக்காக, "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று ஏதோ ஒரு கருவி நின்றுகொண்டிருந்தது. இணையத் தொலைபேசியில் மணி ஒலிக்கத் தாமதமானால், பெரும்பாலும் உட்காரணம் இதுவே. இவ்வாறு காத்திருக்கும் நேரத்திற்குக் கருவிகளைச் செய்தவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐந்து வினாடி, பத்து வினாடி, முப்பத்திரண்டு வினாடி என்று அவை பெரும்பாலும் முன்கூட்டியே குறிக்கப்பட்ட எண்கள். ஆகவே ஒரு கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மௌனத்தின் நீளத்தை அளந்தாலே, குற்றவாளி யார் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. உள்ளூர் அழைப்புக்குச் சராசரி 3 வினாடி, தூர அழைப்புக்கு 5 வினாடி, வெளிநாட்டு அழைப்புக்கு 8 வினாடி எனச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தனது ஈ.721 என்னும் பரிந்துரையில் குறித்துள்ளது. அது பழைய கம்பித் தொலைபேசிகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. தபாற்கந்தோரில் டிரங்க் காலுக்குப் பதிந்துவிட்டு நெடுநேரம் காத்திருந்த தலைமுறையினர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இணையத்தின் வழியே குரலை அனுப்பும் வித்தை 1995-ஆம் ஆண்டில் வொகல்டெக் என்னும் இஸ்ரேலியக் கம்பனியின் மென்பொருளால் பொதுமக்களை எட்டியது. 2003-இல் ஸ்கைப் வந்தது. 2025 மே மாதத்தில் அது மூடப்பட்டும் விட்டது. வாட்ஸ்அப்பிற் பேசும் வசதி 2015-இல் பரவியது. அலுவலகங்களிலும் கம்பனிகளிலும் இன்று மிகப் பரவலாக வழங்குவது 'சிப்' எனப்படும் விதிமுறை. ஹெனிங் ஷுல்ஸ்ரின், மார்க் ஹான்ட்லி ஆகியோர் 1996-இல் வகுக்கத் தொடங்கிய இது, 2002 ஜூன் மாதத்தில் இன்றைய வடிவத்தைப் பெற்றது. வாட்ஸ்அப் போன்றவை தமக்கெனத் தனி முறைகளை வைத்திருப்பினும், செய்து முடிக்கவேண்டிய காரியங்கள் ஏறக்குறைய அவையேதாம்.

இனி அழைப்போடு நாமும் கூடவே நடந்து செல்வோம். தோட்டத்துக் கந்தோர் ஒன்றில், பழைய மேசைத் தொலைபேசியை ஒரு சிறு அடாப்டர்ப் பெட்டியின் மூலம் இணையத்தோடு இணைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கிளாக்கர் குவைத்துக்கு ஓர் எண்ணை அழுத்துகிறார். கடைசி இலக்கத்தை அழுத்தியதும் அழைப்புப் புறப்பட்டுவிட்டது என்று அவர் நினைக்கிறார். பெட்டியோ அப்படி நினைக்கவில்லை. இன்னும் ஓர் இலக்கம் வருமோ என்று அது அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறது!

உள்ளூர் எண்ணில் இந்தத் தொல்லை இல்லை. ஹட்டனுக்கு 051, நுவரெலியாவுக்கு 052 என்று தொடங்கி மொத்தம் பத்து இலக்கம்; பத்தாவது விழுந்ததும் அனுப்பிவிடு என்று பெட்டிக்குச் சொல்லிவைக்கலாம். வெளிநாட்டு எண்கள் அவ்வாறு அளவொத்தவை அல்ல. குவைத்து எண்ணுக்கு நாட்டுக் குறியீட்டின் பின் எட்டு இலக்கம்; சவுதிக் கைத்தொலைபேசிக்கு ஒன்பது. சர்வதேச விதிப்படி, நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து மொத்தம் பதினைந்து வரை போகலாம். ஆகவே பெட்டி, விரல் ஓய்ந்துவிட்டதா என்று சில பெட்டிகளில் நான்கு வினாடியும் சிலவற்றிற் பத்து வினாடியும் சும்மா நிற்கும். இதற்கு மருந்து மிகச் சுலபம். எண்ணை முடித்ததும் ஹாஷ் எனப்படும் # குறியை ஒருமுறை அழுத்தினால், பெரும்பாலான பெட்டிகள் அக்கணமே அனுப்பிவிடும். கம்பனிக்காரரை வரவழைத்து, திசைவியை மாற்றி, இணையத்தின் வேகத்தைக் கூட்டிப் பணம் செலுத்திய பிறகும் தீராத நோய், ஒரு விரலசைவில் தீர்ந்த கதைகள் இத்தொழிலில் உள்ளவர்களிடம் நிறைய உண்டு.

விரலின் காத்திருப்பு முடிந்தபின் விலாசத்தின் காத்திருப்பு. அழைப்பை ஏற்கும் நிலையம் பெயரால் அறியப்படுவது. இணையமோ எண்களால் ஆன விலாசத்தையே அறியும். பெயரைச் சொல்லி விலாசம் கேட்பதற்கு டி.என்.எஸ். என்னும் ஏற்பாடு இருக்கிறது. 'சிப்' தொலைபேசி ஒன்று இதன்பொருட்டு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கேள்விகள் வரை கேட்பதுண்டு. கேட்கப்படும் கணினி உயிரோடிருந்தால் யாவும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். அது செத்துப்போய், அதன் எண் மட்டும் நமது கருவியின் அமைப்பில் முதலாவதாக எழுதப்பட்டிருந்தால்? பல கருவிகளில் இயல்பாகவே ஐந்து வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது கணினியிடம் போகும். அடுத்த கேள்விக்கு மறுபடியும் முதலாவதனிடமே போய் நின்று, மறுபடியும் ஐந்து வினாடி. தாமதம் ஐந்து, பத்து, பதினைந்து என்று ஐந்தின் மடங்காக வருமாயின் இதனையே சந்தேகிக்க வேண்டும். அதே நேரத்தில் இணையப் பக்கங்களும் முதன்முறை திறக்கையில் தயங்கித் திறப்பதைக் காணலாம். அமைப்பிலுள்ள செத்த எண்ணை நீக்கிவிட்டு, உயிருள்ள ஒன்றை எழுதினால் தீர்ந்தது.

விலாசம் கிடைத்தபின் அழைப்போலை புறப்படுகிறது. 'இன்வைட்' என்பது அதன் பெயர். ஓலை கிடைத்ததும் நிலையம் 100 என்ற எண்ணை அனுப்பி, "முயல்கிறோம்" என்கிறது. மறுமுனையில் மணி ஒலித்தால் 180. எடுத்துப் பேசினால் 200. இந்த ஓலை பெரும்பாலும் கையொப்பம் வாங்காத சாதாரணத் தபால் போன்ற ஒரு முறையிற் செல்வது. வழியில் தொலைந்தால் சொல்வாரில்லை. எனவே அரை வினாடி வரை பதில் இல்லையென்றால் தொலைபேசி அதே ஓலையை மறுபடி அனுப்பும். பிறகு ஒரு வினாடி விட்டு, பிறகு இரண்டு, பிறகு நான்கு, எட்டு, பதினாறு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். 32 வினாடி ஆனதும் கைவிட்டுவிடும். முதல் மூன்று ஓலைகள் தொலைந்து நான்காவது போய்ச் சேர்ந்தால் மூன்றரை வினாடி வீண். ஐந்தாவது போய்ச் சேர்ந்தால் ஏழரை. மௌனம் ஒவ்வோர் அழைப்புக்கும் வெவ்வேறாக, ஒருமுறை கொஞ்சமாகவும் ஒருமுறை மிகுதியாகவும் இருக்குமாயின், ஓலை தொலைகிறது என்று கொள்ளலாம். 32 வினாடிக்குப் பின் திடீரென மணி கேட்டால், முதல் நிலையம் முற்றாக ஊமையாகி, கருவி இரண்டாவது நிலையத்தை நாடியிருக்கிறது என்று பொருள்.

ஓலை தொலைவதற்கு அதன் பருமனும் ஒரு காரணம். எந்தெந்த முறையிற் குரலைச் சுருக்கி அனுப்பலாம் என்ற பட்டியலை அதில் எழுதுகிறார்கள். பட்டியல் நீண்டு, ஓலை 1,500 பைட்டைத் தாண்டினால் இரண்டு துண்டாகிப் பிரயாணம் செய்யும். ஒரு துண்டு தொலைந்தாலும் முழுவதும் பயனற்றுப்போம். வேண்டாத குரல்முறைகளை அமைப்பிலிருந்து நீக்கிவிட்டால் ஓலை மெலியும். மற்றொன்று, வீட்டுத் திசைவிகள் பலவற்றில் உள்ள 'சிப் ஏ.எல்.ஜி.' என்னும் வசதி. உதவி செய்கிறேன் என்று நடுவில் நின்று ஓலையைத் திருத்தப்போய், அதனைக் கெடுத்துவைக்கும் உபகாரி அது. அணைத்துவிடுதல் நலம் என்பது இத்தொழிலில் உள்ளோரின் பொதுவான அபிப்பிராயம்.

இதுவரை கூறியவை எவ்வூருக்கும் பொருந்துவன. மலைநாட்டின் விசேஷம் இனிமேல்தான் வருகிறது.

அந்தக் காலத்தில் விடியுமுன் கொம்பு ஊதியும் தப்படித்தும் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைப்பார்கள். அந்த ஓசை மேல் கணக்கு லயத்துக்குக் கேட்கும். மலைமுகட்டுக்கு அப்பாலுள்ள கீழ்க் கணக்கு லயத்துக்குக் கேளாது. கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலைகளும் இதே குணத்தை உடையவை. அவை நேர்கோட்டில் ஓட விரும்புவன. முகட்டைச் சுற்றி வளைவது அவற்றுக்குக் கடினம். பனிமூட்டம் இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று லயத்திற் சொல்வதுண்டு. பனிமூட்டத்தின்மீது இந்தப் பழியைச் சுமத்துவது நியாயமன்று. கைத்தொலைபேசி அலைகளைப் பனி தடுப்பதில்லை என்றே சொல்லலாம். கோபுரத்தையும் கோபுரத்தையும் இணைக்கும் அதிக அதிர்வெண் நுண்ணலைகளைக் கொட்டும் மழை பாதிக்கும். காற்றில் மின்கம்பி அறுந்தால் கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரத்தில் தீரும். மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் ஹட்டன் பக்கத்தில் தொடர்பு தடுமாறினால், காரணத்தை இவ்விடங்களில் தேடவேண்டும்.

அதனினும் நுட்பமான ஒன்று உண்டு. திரையில் சிக்னல் கோடுகள் நிறைய நிற்கும்; அழைப்போ நகராது. ஏன்? கோபுரம் பல வாற் வலிமையோடு பேசுகிறது. நமது கைத்தொலைபேசியின் வலிமை ஏறத்தாழ 0.2 வாற். கோபுரம் பேசுவது நமக்குக் கேட்கிறது. நாம் பேசுவது அதற்குக் கேட்கவில்லை. கோடுகள் காட்டுவது நமக்குக் கேட்பதை மாத்திரமே. தகரக் கூரையும் கற்சுவரும் கொண்ட லயத்து உள்ளறையில் இருந்து அழைக்கும்போது, ஓலைகள் வாசலிலேயே உதிர்ந்து போகின்றன. முற்றத்துக்கு வந்து, கோபுரம் இருக்கும் திசையை நோக்கி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். 2020-இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, சிக்னலைத் தேடி மேட்டுக்கு ஏறிய பிள்ளைகள் இப்பாடத்தைப் புத்தகமின்றியே கற்றார்கள்.

அழைப்பை ஏற்கவேண்டிய தொலைபேசி உறங்கிக் கொண்டிருப்பதும் ஒரு காரணம். மின்கலத்தைச் சேமிப்பதற்காக அது எப்போதும் அரைத் தூக்கத்தில் இருக்கிறது. நான்காம் தலைமுறை வலையமைப்பில் பெரும்பாலும் 1.28 வினாடிக்கு ஒருமுறை கண் விழித்து, "எனக்கு ஏதேனும் உண்டா?" என்று கேட்டுவிட்டு மறுபடி உறங்கும். அது இயல்பு. 2015 முதல் ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில், நெடுநேரம் அசையாமல் கிடந்தால் செயலிகளையும் உறங்கவைக்கும் ஏற்பாடு வந்தது. அழைப்புச் செய்திக்கு மாத்திரம் அவசர முத்திரை குத்தி எழுப்ப வேண்டும். சில தயாரிப்பாளர்கள் இதற்கும் மேலாகத் தாங்களே கட்டுப்பாடுகளைப் போட்டிருப்பதால், அந்த முத்திரையும் சில வேளைகளில் பலிப்பதில்லை. தொலைபேசியின் அமைப்பில் மின்கலம் என்ற பகுதிக்குச் சென்று, அழைப்புக்குப் பயன்படும் செயலியைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தால் போதும். வாட்ஸ்அப்பில் அழைப்பவருக்கு ஓர் அடையாளமும் உண்டு. திரையில் 'காலிங்' என்றிருந்த சொல் 'ரிங்கிங்' என்று மாறினால், மறுமுனை விழித்துவிட்டது. 'காலிங்' என்றே நின்றால், குற்றம் பெரும்பாலும் வழியிலோ அந்த உறக்கத்திலோ இருக்கிறது. எடுப்பவரின் அசட்டையில் அன்று. இதை அறியாமல் "பார்த்தும் எடுக்கவில்லை" என்று மனத்தாங்கல் கொண்ட குடும்பங்கள் எத்தனையோ!

மணி ஒலித்து எடுத்த பின்னும் சிலருக்கு ஒரு மௌனம் வருவதுண்டு. "ஹலோ, ஹலோ" என்று இருபுறமும் கூவி, நான்கைந்து வினாடி கழித்துத்தான் குரல் கேட்கும். கைத்தொலைபேசி வலையமைப்புகள் பலவற்றில் ஒரு பொது விலாசத்தை அநேகர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். லயத்து வரிசைக்கு ஒரே கதவிலக்கம் இருப்பது போன்ற நிலை. ஆகவே குரல் எந்த வழியாகப் போகலாம் என்று இரு கருவிகளும் பல பாதைகளைச் சோதித்துப் பார்க்கின்றன. 'ஐஸ்' என்பது இச்சோதனையின் பெயர். பழைய மென்பொருள்கள் எல்லாப் பாதைகளையும் சேகரித்து முடிக்கும்வரை வாளாவிருந்தன. கிடைக்கக் கிடைக்க அனுப்பும் முறை 2021 ஜனவரியில் விதியாக வெளியாயிற்று. செயலியைப் புதுப்பித்துக்கொள்வதால் கிடைக்கும் நன்மைகளில் இதுவும் ஒன்று. வெளிநாட்டுச் சட்டமும் குறுக்கே நிற்பதுண்டு. சவுதி அரேபியா இணையக் குரலழைப்புகள்மீது விதித்திருந்த தடையை 2017 செப்டெம்பரிற் தளர்த்தியது. தடுக்கப்பட்ட அழைப்பும் காத்திருக்கும் அழைப்பும் அழைப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

ஒரு விஷயத்தில் மாத்திரம் இந்த ஆராய்ச்சிக்கு இடமில்லை. நள்ளிரவிற் பிரசவ வலி கண்டாலோ, மண் சரிந்தாலோ இணையச் செயலியைத் தேடலாகாது. 'சுவசெரிய' நோயாளர் வண்டிக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இவற்றைச் சாதாரணத் தொலைபேசி அழைப்பாகவே அழைக்கவேண்டும். அது குறைந்த வசதிகளோடு, பழைய வலையமைப்பிலும் செல்லும். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மலைநாட்டைத் தாக்கி மண்சரிவுகள் நேர்ந்தபோது, அதுவும் அறுந்துபோன இடங்கள் இருந்தன. அக்காலத்துக்கு அயல்வீடும் மேட்டுப்பாதையும் எங்கேயென்று முன்னரே அறிந்து வைத்திருப்பதே துணை.

இனி நமது மஸ்கெலியாப் பிள்ளையிடம் திரும்புவோம். முதலில் யார் அழைப்பது என்று தாயும் பிள்ளையும் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். தாய் அழைப்பதென்றால் பிள்ளை அழைக்கவே கூடாது. மௌனம் நீண்டாலும் முப்பத்தைந்து வினாடி வரை துண்டிக்கலாகாது. அழைப்பதற்குச் சற்று முன் தாய் ஒரு குறுஞ்செய்தி அனுப்பட்டும். அது தொலைபேசியை எழுப்பும். பிள்ளையும் எட்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே எழுந்து, செயலியைத் திறந்து, திரை அணையாதபடி விரலால் அவ்வப்போது தொட்டுக்கொண்டு, கோபுரத்தின் சிவப்பு விளக்குத் தெரியும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கட்டும். பாட்டி குளிருக்கு ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திவிடுவாள்.